அம்மப்பாவின் புத்தகங்களைப் பல்கலைக்கழக நூலகம் ஏன் முழுதாக எடுக்கவில்லை?

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள தாய்வீடு சீதனமாக உங்கள் பேருக்கு வருகிறது. மாரிக்கு முன் கூரையைப் பிரித்து ஓடு மாற்ற வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாடசாலைகளில் அதிபராக இருந்து காலமான அம்மப்பாவின் இரண்டு அலுமாரிப் புத்தகங்கள், ஏறக்குறைய 600, அதற்குள் வெளியேற வேண்டும். ஒரு பல்கலைக்கழக நூலகத்திடம் கேட்டீர்கள். பட்டியல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிய பிறகு, அதில் 70 அளவில்தான் எடுக்க முடியும் என்றார்கள். காப்பதற்கென்றே இருக்கிற இடம் இப்படிக் கழித்தால் எங்கே கொண்டுபோவது, ஸ்கான் பண்ணிவிட்டு மூலத்தை எறிந்துவிடுவார்கள் என்று சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: அம்மப்பா வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததற்கு இவ்வளவுதானா மதிப்பு என்ற மனத்தாங்கல். அதோடு போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அலுமாரிக்கு மேலே ஒரு சீனிச் சாக்கில் ஏட்டுக் கட்டு இரண்டும் கூத்துக் கொப்பிகளும் பழைய நோட்டீசுகளும் கிடக்கின்றன, அவற்றைப் பட்டியலில் போடவில்லை என்று. என் நித்திரையைக் கெடுத்தது அந்த வரிதான்.

கிழக்கில் பல்கலைக்கழக நூலகங்களில் 28 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். வாங்குவது, பகுப்பது, பதிவது, கழிப்பது, பூச்சியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் நூலகர் வேறு, சுவடியைப் பழுதுபார்ப்பவர் வேறு. ஏட்டைக் கையில் எடுத்துச் சுத்தம் செய்கிற பயிற்சி எனக்கில்லை. உங்கள் சாக்கையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பட்டியல் கேட்டது உங்களைத் தட்டிக்கழிப்பதற்கு அல்ல. ஒரு புத்தகம் உள்ளே வந்தால் முதலில் சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஓர் இலக்கம் விழும். அந்த நேரத்திலிருந்து அது பொதுச் சொத்து. இருப்புக் கணக்கெடுப்பு வரும்போது அது இறாக்கையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லாவிட்டால் விளக்கம் எழுத வேண்டும். உக்கிப்போன ஒன்றைக் கழிப்பதற்குக்கூடக் குழு, அறிக்கை, அனுமதி என்று மாதக்கணக்கில் போகும். கலியாணம் மாதிரித்தான், உள்ளே எடுப்பது ஒரு நாள் வேலை, வெளியே விடுவது வழக்கு. இலக்கம் போட்ட பிறகு பகுப்பு, விபரப்பதிவு, முதுகில் லேபிள், கணினியில் ஏற்றுவது என்று வேலை இருக்கிறது. ஆங்கிலப் புத்தகம் என்றால் வொஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் ஏற்கெனவே செய்துவைத்த பதிவை எடுத்துப் போட்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். ஐம்பதுகளில் இங்கே ஒரு சின்ன அச்சகத்தில் அடித்த தமிழ்ப் புத்தகத்துக்கு அப்படி ஆயத்தப் பதிவு கிடைப்பது அரிது. முகப்பில் ஆண்டு இருக்காது, ஆசிரியர் பேர் அட்டையில் ஒரு மாதிரியும் உள்ளே இன்னொரு மாதிரியும் இருக்கும். அரை மணித்தியாலம் ஓடிவிடும். 600 புத்தகத்துக்கு 300 மணித்தியாலம். ஓர் ஆள் வேறொன்றும் பார்க்காமல் இரண்டு மாதம் உட்கார வேண்டும்.

முழுதாக எடுத்துப் பட்ட அனுபவமும் எனக்கு உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் நான் இருந்த ஒரு நூலகத்தில் ஒரு பெரியவரின் சேகரத்தை, குடும்பத்தாரின் முகத்துக்காக, பட்டியலும் இல்லாமல் பெட்டி பெட்டியாக வாங்கி நேரே உள்ளறையில் அடுக்கிவிட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு இறாக்கைக்குக் கீழே மாவு கொட்டினது போலத் தூள். பிரித்துப் பார்த்தால் ஊசி குத்தினது போல அட்டையிலிருந்து அட்டைவரை ஓட்டை. பெட்டிகளோடு வந்த வண்டு பக்கத்து இறாக்கைகளுக்கும் போய்விட்டது. வந்ததில் பாதிக்கு மேல் ஏற்கெனவே எங்களிடம் இரண்டு மூன்று பிரதி இருந்த புத்தகங்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த அன்பளிப்பும் ஒரு மாதமாவது தனி அறையில் இருந்து பார்வைக்குப் பிறகுதான் உள்ளே வரும் என்று வைத்தேன். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அது திமிராகத் தெரியும்.

ஆனால் அவர்கள் ஒதுக்கியது எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். உங்கள் பட்டியலில் தமிழ்நாட்டு வார இதழ்களிலிருந்து கிழித்துக் கட்டிய தொடர்கதைகளும், மொஸ்கோவில் அச்சான சோவியத் தமிழ் மொழிபெயர்ப்புகளும் நிறைய இருக்கின்றன. அவை இலங்கையில் பல இடங்களில் உண்டு, ஒதுக்கியதில் தப்பில்லை. சோவியத் புத்தகங்களை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளலாம், அந்தக் கட்டுக்கும் வாசத்துக்கும். ஆனால் அறுபதுகளின் தமிழ்மொழிமூலப் பாடநூல்களையும் ‘காலாவதி’ என்று கழித்திருக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தபடியால்தான் இன்றைக்கு அவற்றை ஒருவரும் வைத்திருக்கவில்லை. தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தின் கலைச்சொற்கள் அவற்றில்தான் கிடக்கின்றன. திரும்ப ஒருதரம், இதைச் சொல்லி, கேட்டுப் பாருங்கள். பட்டியலைப் பார்த்தவருக்குத் தலைப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும், ஆண்டு தெரிந்திராது. நீங்களும் ஆண்டு போடவில்லை.

நூலகர்களின் வேலையில் வெளியே தெரியாத பெரும்பாகம் இந்த விபரப்பதிவுதான். இறாக்கையில் இருந்தாலும் பட்டியலில் இல்லாத புத்தகம் இல்லாத புத்தகம். டூவி தசமப் பகுப்பு 1876இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 தொடக்கம் 829 வரை ஒரு முழு வீதி. இரண்டாயிரம் வருடத் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற ஒரு முடுக்குத்தான். சங்கப் பாட்டிலிருந்து போன மாதம் வந்த கவிதைத் தொகுதி வரை அதற்குள்தான் நெருங்கி நிற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு நூலகமும் தனக்கேற்ற நீட்டல்களைச் செய்துகொள்கிறது, ஒரு நூலகத்தின் இலக்கம் இன்னொன்றில் உதவாது. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் எழுதிய இரங்கநாதன் சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர். நம்முடைய காரைதீவில் சுவாமி விபுலானந்தர் பிறந்ததும் அதே ஆண்டு. இருவரில் ஒருவராவது அந்த முடுக்கைக் கொஞ்சம் அகலமாக்கித் தந்திருக்கலாம் என்று பகுப்பு மேசையில் இருக்கும்போது நினைத்ததுண்டு. இன்னொரு தலையிடி எழுத்துரு. கணினி வந்த புதிதில் இங்கே எல்லாரும் பாமினி என்ற எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். ஒருங்குறி (யூனிகோட்) வந்த பிறகு அந்தப் பதிவுகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த உளறல்தான் தெரியும். மாற்றியில் போட்டு, அது விட்ட பிழைகளை வரிவரியாகத் திருத்தி எடுத்தோம். திருத்தாமல் கிடக்கும் பழைய ஆய்வேட்டுக் கோப்புகளைத் தேடுபொறியில் தேடினால் ஒன்றும் வராது. கடதாசிப் பிரதி இருக்கிறதால்தான் அவற்றை இன்னும் வாசிக்க முடிகிறது.

இதிலிருந்தே உங்கள் ஸ்கான் கேள்விக்கும் பதில் வருகிறது. ஸ்கான் பண்ணுவது மூலத்தை எறிவதற்கு அல்ல, மூலத்தைக் கை படாமல் வைப்பதற்கு. மின்படத்தை எல்லாரும் பார்க்க, மூலம் பெட்டியில் ஓய்வெடுக்கும். மின்படத்துக்கும் ஆயுள் கொஞ்சம்தான். 2003, 2004இல் குறுந்தட்டில் எழுதிவைத்த எங்கள் படங்களில் பல இன்று திறப்பதில்லை. கடற்காற்றும் ஈரமும் தட்டின் பூச்சைத் தின்றுவிட்டன. கோப்பு ஒன்றுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு ஊரில் என்பது இந்தத் துறையில் பழகிப்போன கணக்கு. சில வருடத்துக்கு ஒருதரம் புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். பழைய நாளிதழ்க் கட்டுகளைப் படம்பிடித்த பின் இடமில்லை என்று கழித்த நூலகங்கள் மேல்நாடுகளில் இருந்தன, அது பெரிய சண்டையாகவும் வந்தது. ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய்யுமல்ல. ஆனால் கையெழுத்துப் பிரதியை அப்படிச் செய்கிற நூலகரை நான் சந்தித்ததில்லை.

இனி அந்தச் சாக்கு. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி (இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம்) தொடங்கியது 1981 ஓகஸ்டில், இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கல்லூரியாகத் தொடங்கியது 1995இல். இந்த நூலகங்களுக்கு வயது அவ்வளவுதான். அதற்கு முந்திய மட்டக்களப்பும் அம்பாறையும் எழுதிவைத்தது வீடுகளிலும் கோயில்களிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் பெட்டிகளிலும்தான் இருந்தது. 1978 நவம்பர் 23 புயலில் கூரையோடு போனது போக, வெள்ளத்திலும் இடப்பெயர்விலும் போனது போக, மிச்சம் உங்கள் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. கூத்துக் கொப்பி என்றால் ஓர் ஊரில் ஒரு களரிக்கு, அதாவது கூத்தாடும் அரங்குக்கு, ஓர் அண்ணாவியார் எழுதிய பிரதி. அதே பேரில் வடமோடி வகைக் கூத்து இன்னோர் ஊரில் இருந்தாலும் தருவும் (பாட்டும்) வசனமும் வேறாக இருக்கும். நோட்டீசு என்று நீங்கள் ஒதுக்கியதில் கோயில் சடங்குத் துண்டுப்பிரசுரமும், பாடசாலை விழா அழைப்பிதழும், 31ஆம் நாள் நினைவு மலர்களும் இருக்கும் என்று என் அனுபவத்தில் ஊகிக்கிறேன். நினைவு மலரில் குடிவழியும், யார் எந்தப் பாடசாலையைக் கட்டினார் என்பதும் இருக்கும். அவற்றை வேறெந்தப் புத்தகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவை ஏறக்குறைய 97,000 என்று எண்ணிக்கை சொல்கிறோம். அச்சுப் புத்தகங்களில் பலவற்றைத் திரும்ப வாங்க முடிந்தது. அங்கே மட்டும் இருந்த ஏடுகளை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. உங்கள் வீட்டிலும் கணக்கு அதுதான். 600 அச்சுப் புத்தகம் ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம். சாக்கை முதலில் எடுங்கள்.

ஏட்டை என்ன செய்யக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டை அவிழ்த்து விரிக்காதீர்கள், ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், வெயிலில் போடாதீர்கள், கரி பூசி எழுத்தைத் தெரியவைக்கப் பார்க்காதீர்கள். எழுத்தாணியால் கீறியதில் மை இல்லை, மேலே பூசிய கரிதான் நமக்கு எழுத்தாகத் தெரிகிறது. ஈரத் துணியால் துடைத்தால் அது போய்விடும். புல்லெண்ணெய் தடவுவது பழைய முறைதான், பயின்றவர்கள் இன்றும் அளவாகச் செய்கிறார்கள், ஓலைக்கு நெகிழ்ச்சி வரும். கூடினால் தூசு ஒட்டும். சுத்தமான பருத்தித் துணியில், இறுக்காமல், மேலும் கீழும் சட்டம் வைத்தபடி சுற்றி, சாக்கிலிருந்து ஓர் அட்டைப் பெட்டிக்கு மாற்றினால் இப்போதைக்குப் போதும். வாசிக்கவும் அவசரப்படாதீர்கள். பழைய ஏட்டில் புள்ளி இருக்காது, எகர ஏகாரம் வேறுபடாது, ரகரமும் அரவும் (ா) ஒன்றுபோல நிற்கும். வைத்திய ஏட்டை யாரோ அரைகுறையாக வாசித்து மருந்து அரைத்த கதைகளும் நம் பக்கம் உண்டு.

கடதாசிக்கு வருவோம். இங்கே கடதாசியின் முதல் எதிரி கறையான் அல்ல, ஈரம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். மட்டக்களப்பில் மாரிகாலத்தில் அது அதற்கு மேலேயே நிற்கும். இதனால்தான் ஏசி அறை பத்திரம் என்று நினைக்கிறார்கள். இரவும் பகலும் ஓடினால் பத்திரம். காலை போட்டு மாலை நாலரைக்கு நிறுத்தினால், குளிர்ந்த புத்தகத்தின்மேல் இரவில் ஈரக்காற்று படிந்து வியர்க்கும். ஏசி இல்லாமல் யன்னல் திறந்து மின்விசிறி போட்ட அறையைவிட அது மோசம். 2022இல் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் பூட்டிய ஏசி அறைகளில் பச்சைப் பூஞ்சணம் வந்ததை நானே துடைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் ஏசி வேண்டாம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கீழ்த் தட்டைக் காலியாக விடுங்கள், புத்தகங்களை நெருக்கி அடைக்காதீர்கள், மழையில்லாத நாளில் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

இரண்டாவது எதிரி கடதாசிக்குள்ளேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு மரக்கூழில் செய்த மலிவுக் கடதாசியில் அமிலம் உண்டு. மஞ்சளாகி, பிறகு மடித்த இடத்தில் அப்பளம் போல உடையும். அதை நிறுத்த வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது, மெதுவாக்க மட்டும் முடியும்: குளிர்ச்சி, இருட்டு, கை படாமை. அதைக் கெடுக்க மட்டும் நிறைய வழி உண்டு. செலோடேப் ஒட்டுவது, லமினேட் பண்ணுவது, இறப்பர் பட்டி போடுவது. என் முதல் வருடங்களில் கிழிந்த பக்கங்களுக்கு நானே செலோடேப் ஒட்டியிருக்கிறேன். பத்து வருடத்தில் பிளாஸ்டிக் கழன்று விழுந்தது, பசை மட்டும் தேன் நிறத்தில் எழுத்துக்குமேல் தங்கிவிட்டது. திரும்பக் கழற்ற முடியாத எதையும் செய்யாதீர்கள். கூத்துக் கொப்பியில் உள்ள துருப்பிடித்த கம்பிகளை மட்டும் பக்கம் கிழியாமல் நிமிர்த்தி எடுத்துவிடலாம்.

பூச்சிக்கு நாட்டு மருந்துகள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேப்பிலை, வசம்பு, கற்பூரம் எல்லாம் பரம்பரையாக வைத்தவைதான், வைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் அவை காப்பாற்றினவா, அவற்றை மாற்றுவதற்காக ஆறு மாதத்துக்கு ஒருதரம் அலுமாரியைத் திறந்து தட்டியது காப்பாற்றியதா என்று கேட்டால், நான் இரண்டாவது பக்கம் சாய்வேன். பச்சை இலையை வைக்காதீர்கள், அதுவே ஈரம். நப்தலீன் உருண்டையை நான் விட்டுவிட்டேன், பூச்சியைவிட அறையில் இருக்கிற ஆளுக்குத்தான் அது கூடாது. பழைய சேகரங்களில் ஒரு காலத்தில் காமக்சின் என்ற பூச்சிகொல்லித் தூள் தூவியிருப்பார்கள். வெள்ளைத் தூள் கண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கையை நன்றாகக் கழுவுங்கள். நிச்சயமாக வேலை செய்வது குளிர். வண்டு விழுந்த அச்சுப் புத்தகத்தைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வைத்தால் முட்டையும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் கழித்துத்தான் பொலித்தீனைப் பிரிக்க வேண்டும். நம் பக்கத்தில் மீன் வைக்கிற பெட்டி எங்கேயும் கிடைக்கும், கழுவி எடுத்தால் சரி. ஏட்டை மட்டும் அதற்குள் வைக்காதீர்கள்.

நனைந்த புத்தகத்துக்கும் அதே பெட்டிதான் தஞ்சம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரப் பாடசாலை ஒன்றின் நூலகத்தை எடுத்துத்தரப் போனோம். எங்களுக்கு முந்தி நல்ல மனத்தோடு சிலர் எல்லாவற்றையும் வெயிலில் பரப்பியிருந்தார்கள். வழுவழுப்புத் தாளில் படங்களோடு வந்த கலைக்களஞ்சியங்கள் காய்ந்து செங்கல் ஆகிவிட்டன, ஒரு பக்கத்தையும் பிரிக்க முடியவில்லை. நனைந்ததில் 48 மணித்தியாலத்துக்குள் காயவைக்கக்கூடியதை நிழலில், நிமிர்த்தி, விசிறிக் காற்றில் காயவைக்க வேண்டும். மிச்சத்தை உறையவைத்து நேரம் வாங்க வேண்டும். அன்றைக்கு இது எங்களுக்குத் தெரிந்திருந்தும், குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் இருக்கவில்லை.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். அம்மப்பா தன் கையால் எழுதியவற்றின் பதிப்புரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவர் காலமானதிலிருந்து 70 வருடம் வாரிசுகளுக்கு உரியது. கொப்பியைக் கொடுத்தால் உரிமையும் கூடவே போய்விடாது. ஆகவே நூலகத்துக்கோ, 2005 தொடக்கம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கும் நூலக நிறுவனத்துக்கோ கொடுக்கும்போது, எதற்கு அனுமதி தருகிறீர்கள், மூலம் யாரிடம் இருக்கும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கூத்துக் கொப்பி வேறொரு அண்ணாவியார் குடும்பத்திலிருந்து இரவலாக வந்ததாக இருக்கலாம், கோயில் ஏடு என்றால் அது வீட்டுச் சொத்தே அல்லாமல் இருக்கலாம். கொப்பியில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள், எழுதியவர் பேரும் உடையவர் பேரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கேளுங்கள்.

கூரை பிரிக்க ஆள் வருவதற்கு முந்திய கிழமையில் இதைச் செய்யுங்கள். சாக்கை இறக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, நிழல் வெளிச்சத்தில் கைப்பேசியால் முகப்பையும் கடைசிப் பக்கத்தையும் (ஏட்டுக் கட்டு என்றால் அவிழ்க்காமல் வெளிப்புறத்தை மட்டும்) படம் எடுத்து, எது எதோடு சேர்ந்திருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுக்கை மாற்றாதீர்கள், அம்மப்பா எதை எதோடு வைத்தார் என்பதே ஒரு தகவல். பிறகு அதே நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அன்பளிப்புப் பிரிவைக் கேட்காமல், சிறப்புச் சேகரத்துக்குப் பொறுப்பானவரைக் கேளுங்கள். 600 புத்தகம் என்று தொடங்காமல் இரண்டு ஏட்டுக் கட்டும் கூத்துக் கொப்பிகளும் என்று தொடங்குங்கள். அச்சுப் புத்தகங்களில் மிஞ்சுவதை அம்மப்பா அதிபராக இருந்த பாடசாலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், அவர்களிடமும் முதலில் பட்டியலைக் காட்டி. ஓட்டு வேலை முடியும்வரை பெட்டியை வைக்க மேல்மாடி உள்ள உறவுக்காரர் வீடு ஒன்று பாருங்கள், வாவிப் பக்கம் அல்லாமல்.